கண் மட்டும் வரைந்த கட்டம்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க அண்ணா. எனக்கு ஓரம் போதும். இந்தச் சுருளின் மேல் மட்டும் பையை வைத்துவிடாதீங்க. மேப் இல்லைங்க. கண்டக்டரும் அப்படித்தான் கேட்டார், "என்னங்க, வீட்டு பிளானா?" என்று. அட்டை. பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிற அட்டை. சுருட்டலாம், மடிக்கக்கூடாது. மடித்தால் கோடு விழும். கோடு விழுந்தால் கட்டம் எது, மடிப்பு எது என்று குழந்தைக்குக் குழம்பிவிடும்.

ஆமாங்க, குழந்தைகளுக்குத்தான். வீட்டில் அவர்கள் செய்ய வேண்டிய வேலைகளைக் கட்டம் போட்டு எழுதிய அட்டை. நானே கோடு போட்டேன், நானே படம் வரைந்தேன்.

என் பெயர் லோகநாதன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங். பத்தொன்பது வருஷம். இப்போது ஒட்டன்சத்திரம் தாண்டி என் மச்சான் வீட்டுக்குப் போகிறேன். மேகலா, என் மனைவி, இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இன்றோடு நாற்பத்தோரு நாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதற்குள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். இன்றைக்கே வந்துவிடுவார்கள்.

சண்டையெல்லாம் இல்லைங்க. அடிக்கிற ஆள் இல்லை நான். ஒரு தடவைகூடக் கை ஓங்கியது கிடையாது. கேட்டுப் பாருங்க, எங்கள் லைன் வீட்டில் ஆறு குடித்தனம், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. லோகு சத்தம் போட்டே கேட்டதில்லை என்பார்கள்.

போன ஜூனில் ஆரம்பித்தது இது. பெரியவள் சஷ்டிகா அப்போது இரண்டாம் வகுப்புப் போகிறாள். சின்னவன் கிருத்திக்குக் கூடிய சீக்கிரம் மூன்று முடியப் போகிறது. அவள் சஷ்டியில் பிறந்தாள், இவன் கிருத்திகையில் பிறந்தான். பார்த்தீங்களா, பெயரே வரிசையாக அமைந்துவிட்டது. ஆனால் காலை நேரத்தில் வீட்டைப் பார்த்தால் வரிசையாவது ஒன்றாவது! மேகலாவும் கம்பெனிக்குப் போகிறவள். ஓவர்லாக் டெய்லர். எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தாக வேண்டும். இங்கே ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில், இன்னொரு செருப்பு தண்ணீர்த் தொட்டிப் பக்கம். "அம்மிணி, பல்லு வெளக்குனியா? தண்ணி பாட்டில் எங்க? தம்பியப் பாரு!" என்று அவள் கத்துவாள். தினமும் அதே பாட்டு.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு தையல் லைனுக்கும் முன்னால் ஒரு போர்டு உண்டு. எந்த மணிக்கு எத்தனை பீஸ், யாருக்கு எந்த வேலை என்று. கத்தவே வேண்டியதில்லை. போர்டைப் பார்த்தால் போதும். அதைத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஏழு நாள், ஒன்பது வேலை. பெரியவள் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று படமாகவே வரைந்தேன். பல் விளக்க பிரஷ். போர்வை மடிக்க நான்கு கோடு. செருப்பு ஒரு ஜோடி. பாட்டில். தட்டு. விளக்குமாறு. தம்பியைப் பார்ப்பதற்கு ஒரு கண். நல்ல கண். இமை முடிகூட வரைந்தேன்.

மேகலாவே சிரித்தாள். "படமெல்லாம் நல்லாத்தானுங்க வரையறீங்க. இத்தனை நாள் எங்க வெச்சிருந்தீங்க இதையெல்லாம்?" என்றாள். குழந்தை குதித்தாள். அட்டையை மாட்டியதும் அந்தக் கண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இது நானாப்பா?" என்று கேட்டாள். "நீதான் கண்ணு" என்றேன்.

செய்தாளா இல்லையா என்று குறிக்க வேண்டுமில்லையா? அதற்கும் கம்பெனியிலேயே வழி இருந்தது. உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். செக்கிங் டேபிளுக்குப் பனியன் வந்தால் விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம். எங்காவது தையல் விட்டிருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், ஓட்டை இருக்கும். அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவோம். சுண்டுவிரல் நகம் அளவு ஸ்டிக்கர், ரோலாக வரும். அம்பின் மூக்கு எதைக் காட்டுகிறதோ அதுதான் குறை. அப்படி ஒரு ரோல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவள் செய்யாமல் விட்ட வேலைக்கு நேராக ஓர் அம்பு. அவ்வளவுதான். திட்டு இல்லை, அடி இல்லை. பேசவே மாட்டேன். ஒட்டிவிட்டுப் போய்விடுவேன்.

மேகலா கேட்டாள், "அப்ப நல்லாப் பண்ணினா என்னுங்க ஒட்டுவீங்க?"

"நல்ல பீஸுக்கு நாங்க ஒண்ணும் ஒட்டறதில்லை மேகலா. அம்பு இல்லாம இருக்கறதே நல்லதுன்னுதான் அர்த்தம்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஃபேன்சி ஸ்டோரில் போய் நட்சத்திர ஸ்டிக்கர் ஒரு பாக்கெட் வாங்கி வந்து ஒட்டினாள். தங்க நிறம், வெள்ளி நிறம். நான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை ஒட்டிக்கொண்டு அட்டை அசிங்கமாகிவிட்டது, பாருங்க, அதுதான் எனக்கு வருத்தம். ஒரு போர்டில் இரண்டு பேர் ஒட்டினால் கணக்கு நிற்குமா? குழந்தை பக்கத்தில் நின்று நான் சுரண்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே விழுந்த நட்சத்திரங்களை அவளே பெருக்கி அள்ளினாள். சொல்லாமலே அள்ளினாள்.

முதல் மாதம் முப்பத்தேழு அம்பு. இரண்டாம் மாதம் பன்னிரண்டு. தீபாவளி தாண்டி ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட! பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா வந்து பார்த்துவிட்டு, "லோகு, எம் பையனுக்கும் ஒண்ணு போட்டுக் குடு சாமி, நாய் வாலு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கறான்" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அவர் பையன் அட்டையைக் கிழித்துப் பட்டம் விட்டான். அது வேறு கதை. அம்பு ரோலை அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை, அதுதான் நான் செய்த பிசகு.

எங்கள் சஷ்டி அப்படி இல்லை. எழுந்ததும் அட்டை முன்னால் போய் நிற்பாள். சாமி முன்னால் நிற்கிற மாதிரி. விளையாடக் கூப்பிட்டால், "இருங்க, எங்கப்பா போர்டைப் பாத்துட்டு வர்றேன்" என்பாள். பிறகு விளையாடவே போவதில்லை. அட்டையில் இல்லாத வேலைக்குப் போகக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். லைனில் அதுதான் முதல் பாடம். காலர் வைக்கிற ஆள் எழுந்து போய்க் கை வைக்கிறவனுக்கு உதவி செய்தால் இரண்டும் கெட்டது. அவரவர் வேலை அவரவருக்கு.

ஜனவரியில் ஒரு நாள் மேகலா சஷ்டியைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ஏனுங்க, இங்க வாங்க" என்றாள். போனேன். குழந்தையின் இடது கையில் ஓர் அம்பு. மூக்கு கட்டை விரலைக் காட்டுகிறது. தூங்கும்போது அவள் விரல் சப்புவாள், அந்தப் பழக்கம் போகவில்லை. முழங்காலில் ஒன்று. காதுக்குப் பின்னால், முடிக்குள் ஒன்று. பாவாடை மறைக்கிற இடத்தில், வயிற்றின் மேல் இரண்டு. அது ஏன் என்று கேட்டேன். "சாப்பிடறப்ப ரெண்டாவது தடவ கேட்டேன்பா" என்றாள்.

நான் ஒட்டவில்லைங்க. ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான் ஒட்டவே இல்லை. அவளே ஒட்டிக்கொண்டாள். அதைத்தான் மேகலாவிடமும் சொன்னேன். "கம்பெனில ஒவ்வொரு டெய்லர்கிட்டயும் கெஞ்சறோம், உங்க பீஸை நீங்களே ஒரு தடவ பாருங்கன்னு. எவனும் பாக்கறதில்லை. ஏழு வயசுக் குழந்தை தானாப் பாத்திருக்குது. நீ என்னடான்னா அழறே."

மேகலா ரோலை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். சஷ்டி தேடி எடுத்துக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள்.

சின்னவன் விழுந்ததைச் சொல்லவில்லையே. அதைத்தான் எல்லோரும் பெரிதாக்குகிறார்கள். பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஷிப்மென்ட் வேலை, கம்பெனிக்குப் போய்விட்டேன். மேகலா பொதுக் குழாயில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பத்திலிருந்து பதினொன்று வரை சஷ்டிக்குக் கண் கட்டம். தம்பியைப் பார்க்கிற நேரம். அவள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போக வெளியே இரும்புப் படி இருக்கிறது, பக்கத்தில் பிடிமானம் கிடையாது. சின்னவன் அதில் ஏறியிருக்கிறான். ஒன்பது படி. ஒன்பது என்று எப்படித் தெரியும் என்றால், அவள் எண்ணியிருக்கிறாள். ஒன்பதாவது படியில் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தானாம். அப்புறம் விழுந்துவிட்டான்.

மாலையில் ஆஸ்பத்திரியில் வைத்து நான் பொறுமையாகத்தான் கேட்டேன். "ஏம்மா, அம்மா இருபதடி தூரத்துலதானே இருந்தா? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?"

"நான் கண்ணை எடுக்கவே இல்லைப்பா."

"சரி. ஏன் கூப்பிடலை?"

என்ன சொன்னாள் தெரியுங்களா? "கண்ணுதான்பா வரைஞ்சிருக்கீங்க. வாய் வரையலை."

நான் அசந்துவிட்டேன். பத்தொன்பது வருஷ சர்வீஸ், எத்தனையோ ஆடிட் பார்த்திருக்கிறேன், என் போர்டில் இப்படி ஒரு குறையை யாரும் கண்டுபிடித்ததில்லை. உண்மைதானே? 'தம்பியைப் பார்' என்றால் நமக்கு என்ன அர்த்தம்? கவனித்துக்கொள், பிடித்துக்கொள், அழுதால் தூக்கு. அத்தனையும் அதில் இருக்கிறது. ஆனால் நான் வரைந்தது கண் ஒன்றுதான். தப்பு என்னுடையது. ஒத்துக்கொண்டேன். எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். மேகலா காதில் அது விழவே இல்லை.

இன்னொன்று கேளுங்க. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். சின்னவன் விழுந்ததும் சஷ்டி உள்ளே ஓடி, ரோலிலிருந்து ஓர் அம்பைக் கிழித்துக்கொண்டு வந்து அவன் மேல் ஒட்டியிருக்கிறாள். இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, யார் ஒட்டினது?" என்று உரித்துப் போட்டார். அப்புறம் எக்ஸ்ரே எடுத்தார்கள். காறை எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. எங்கே? அம்பு காட்டிய அதே இடத்தில்! ஒரு நூல் தள்ளவில்லை. எக்ஸ்ரேக்கு முன்னாலேயே என் பொண்ணு பிடித்துவிட்டாள். டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், மேகலாவைப் பார்த்தார், பிறகு சஷ்டியைப் பக்கத்தில் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகுதான் பதில் சொன்னாள். அவ்வளவு அடக்கம்.

நான்காம் நாள் ஒரு கூத்து. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். போனதிலிருந்து எல்லோரும் சிரிக்கிறார்கள். பேக்கிங்கில் முருகவேல் என்று ஒருத்தன், "அண்ணா, இந்தப் பீஸு ஆல்டரா, ரிஜெக்டா?" என்கிறான். திருத்தப் போகிற பீஸா, கழிக்கிற பீஸா என்று. எந்தப் பீஸுடா என்றால் இன்னும் சிரிப்பு. சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது, என் சட்டை முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஓர் அம்பு. மூக்கு மேலே என்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. செருப்பு மாட்டக் குனிந்தபோது யாரோ ஒட்டியிருக்க வேண்டும். மேகலாதான் என்று நினைத்தேன். மாலையில் கேட்கலாம் என்று வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. ரோஸ்லின் அக்காவிடம் சாவி; பிள்ளைகளோடு மேகலா அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். போனில் கேட்டேன். "நான் எதுக்குங்க ஒட்டறேன்? அதைத் தொடக்கூட எனக்குப் பிடிக்காது" என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியென்றால் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. முருகவேலாகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். மச்சான் சிவானந்தம் ஒரு தடவை பேசினார். "மாப்ள, அந்த அட்டையைக் கொளுத்திட்டு வாங்க. வந்தீங்கன்னா எலை போட்டுச் சோறு போடறேன். அதைக் கையில வெச்சுக்கிட்டு வந்தா வாசப்படி ஏத்த மாட்டேன்" என்றார். போன மாதம் போனேன். சொன்ன மாதிரியே ஏற்றவில்லை. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அட்டையைக் கொளுத்தச் சொல்கிறாரே, அட்டை என்ன பாவம் செய்தது? குறை இருந்தது, திருத்திவிட்டேன். அதைப் பார்க்கக்கூட மாட்டேன் என்றால் எப்படி?

இருங்க, விரித்துக் காட்டுகிறேன். அந்த முனையைப் பிடியுங்க. பார்த்தீங்களா? கண்ணுக்குப் பக்கத்தில் வாய். அதற்குப் பக்கத்தில் இரண்டு கை. இது சின்னவனுக்கு ஒரு வரிசை, அவனுக்கு மூன்றே முக்கால் ஆகப்போகிறது, செருப்பும் தட்டும் போதும் இப்போதைக்கு. இது மேகலாவுக்கு. ஆமாங்க, அவளுக்கும் ஒரு வரிசை. நட்சத்திரம் ஒட்டுகிற வேலையெல்லாம் இனி வராது பாருங்க. எனக்கா? எனக்கு எதற்குங்க? செக் பண்ணுகிறவனுக்கு யாரும் போர்டு எழுதுவதில்லை.

மணி என்ன அண்ணா? பதினொன்று பதினெட்டா? சரியாக வந்திருக்கிறோம். ஓர் உதவி. உங்கள் போனைக் கொஞ்சம் கொடுங்க. என் நம்பரை அங்கே எல்லாப் போனிலும் பிளாக் செய்திருக்கிறார்கள். இரண்டே நிமிஷம். குழந்தையிடம் பேசத்தான்.

ரொம்ப நன்றிங்க. இது மச்சான் சம்சாரத்தின் நம்பர். பதினொன்று பத்துக்கு அந்த அம்மா குளிக்கப் போவார், வெளியே வர பதினொன்று முப்பத்தைந்து ஆகும். அந்த நேரத்தில் போன் சஷ்டியிடம் இருக்கும், டிவியில் பொம்மைப் படம் பார்ப்பாள். மேகலாவும் மச்சானும் காய்கறி மண்டிக்குப் போயிருப்பார்கள். எப்படித் தெரியும் என்றா? போன செவ்வாயும் வியாழனும் வந்து எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனேன், அங்கிருந்து அவர்கள் முற்றமும் குளியலறையும் தெரியும். லைனில் ஒவ்வொரு வேலைக்கும் கடிகாரம் வைத்து நேரம் எடுப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

ரிங் போகிறது.

"சஷ்டி... அப்பா. ஆமா, அப்பாதான். அழக்கூடாது. சத்தம் வரக்கூடாதுன்னு சொன்னேனில்ல? அத்தை எங்க? குளிக்கறாங்களா? சரி. நல்லாக் கேட்டுக்கோ, ஒரு தடவதான் சொல்லுவேன். டிவியை நிறுத்தாத, ஓடட்டும். போனை அங்கேயே வெச்சுரு. செருப்புப் போட்டுக்கோ. தம்பிக்கு வேண்டாம், நேரமாகும், இடுப்புல தூக்கிக்கோ. கனம்னா கனமாத்தான் இருக்கும். முன் கேட்டு சத்தம் போடும், பின்பக்கமா வா. பெரிய ரோட்டுக்கு வந்துரு. தாண்டி அந்தப் பக்கம் டீக்கடை இருக்குதல்ல, பச்சைத் தகரம், அங்க போய் நில்லு. நடுவுல அரளிச் செடி வெச்சிருக்கறாங்கல்ல, அதுல ஒரு சந்து இருக்குது, அதுக்குள்ள நுழைஞ்சு வந்துரலாம். அப்பா வந்துருவேன். யார் கேட்டாலும் பேசாத. என்ன? ... லாரி வந்தா நிக்கும். ... சரியா? சரின்னு சொல்லு. ... ம். நல்ல பொண்ணு."

வைத்துவிட்டாள். பார்த்தீங்களா, மறுபேச்சே கிடையாது. நாலு வழி ரோடுதான். ஆனால் வாசலில் போய் நின்றால் மறுபடியும் தெரு கூடும். திருப்பூர் பஸ் அந்தப் பக்கம் பதினொன்று ஐம்பதுக்கு வருகிறது, நாம் போய்ச் சேர நாற்பத்திரண்டு ஆகும். எட்டு நிமிஷத்தில் நான் போய்க் கெஞ்சி, கூட்டி வந்து, ஏற்ற முடியுமா? அவர்கள் தயாராக நின்றால்தான் முடியும்.

இந்தாங்க உங்கள் போன். ஏங்கண்ணா, எதற்கு எழுந்திருக்கிறீங்க? உட்காருங்க, பஸ் ஓடுகிறது. கண்டக்டரை எதற்குக் கூப்பிடுகிறீங்க? டிரைவர் எவ்வளவு அழுத்தினாலும் இன்னும் இருபது நிமிஷம். அவளுக்குப் பின்பக்கமாகச் சுற்றி ரோட்டுக்கு வர நாலு நிமிஷம்தான்.

திரும்ப அந்த நம்பருக்கா அடிக்கிறீங்க? ரிங் போகிறதா? போகட்டும். எவ்வளவு நேரம் அடித்தாலும் எடுக்க மாட்டாள் அண்ணா. என் பொண்ணை எனக்குத் தெரியாதா? சொன்ன நிமிஷமே கிளம்பியிருப்பாள்.